பீட்டரை வரைந்தவர்

மார்ச் 11

குழந்தைகளுக்கான படப்புத்தகங்களை எழுதி வரைந்த அமெரிக்கர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் பிறந்த நாள். 1916-இல் நியூயார்க்கின் புரூக்ளினில், போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ். யூத வெறுப்பு மலிந்திருந்த காலம். 1947-இல் பெயரை மாற்றிக்கொண்டார். இந்த வாரம் அவருடைய புத்தகங்கள்தான்.

மார்ச் 12

அப்பா பெஞ்சமின் ஒரு காபிக்கடையில் சர்வர். படம் போட்டுப் பிழைக்க முடியாது என்று மகனைக் கண்டித்துக்கொண்டே இருப்பாராம். ஆனாலும் வண்ணக் குழாய்களைக் கொண்டுவந்து, "பட்டினி கிடக்கிற ஓவியன் ஒருத்தன் சூப்புக்குப் பதிலா இதைக் கொடுத்தான்" என்பாராம். 1935-இல், மகனின் பள்ளிப் பட்டமளிப்புக்கு முந்தைய நாள், மாரடைப்பில் இறந்துபோனார். உடலை அடையாளம் காட்டப் போன மகன் அப்பாவின் பர்ஸைப் பார்த்தார். உள்ளே, தான் வாங்கிய பரிசுகளைப் பற்றிய பத்திரிகை நறுக்குகள், கசங்கி நைந்துபோய்.

இன்று இதற்குமேல் படிக்க ஓடவில்லை.

மார்ச் 14

மகளோடு 'தி ஸ்னோயி டே' (1962). சிவப்பு உடுப்பு மாட்டிய பீட்டர் பனியில் நடக்கிறான், குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், பனி உருண்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். உருண்டை உருகிவிடுகிறது. மறுநாளும் பனி, நண்பனோடு வெளியே கிளம்புகிறான். அவ்வளவுதான் கதை!

பீட்டர் கறுப்பினச் சிறுவன். எழுத்தில் அது எங்கும் வராது, படத்தில்தான் தெரியும். அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று 1965-இல் விமர்சனம் வந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கறுப்பினக் குழந்தைகளே அநேகமாக இல்லாத அன்றைய அமெரிக்கப் படப்புத்தகங்களில், ஒரு பையன் எந்தப் பாடத்துக்கும் உதாரணமாகாமல் சும்மா விளையாட முடிந்ததே, அதுதான் பெரிது.

பீட்டரின் முகம் வந்த இடம்: 1940-இல் லைஃப் என்ற அமெரிக்க இதழில் வெளியான, ரத்தப் பரிசோதனைக்கு நிற்கும் ஒரு குட்டிப் பையனின் புகைப்படங்கள். கீட்ஸ் அவற்றை வெட்டியெடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். நறுக்குகளைப் பாதுகாப்பது அப்பாவிடமிருந்து வந்த பழக்கமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 16

படங்கள் பெரும்பாலும் காகிதமும் துணியும் வெட்டி ஒட்டியவை. பனிப்பூக்களுக்கு ரப்பரைச் செதுக்கி அச்சு. பீட்டரின் அறைச் சுவருக்கு, பல் துலக்கும் பிரஷால் தெறித்த மை. நாங்களும் ரப்பரைச் செதுக்கிப் பார்த்தோம். மேசை முழுக்க நீலம், மகளுக்கு ஒரே குஷி.

மார்ச் 17

1963-இல் 'தி ஸ்னோயி டே'க்குக் கால்டெகாட் பதக்கம், சிறந்த படப்புத்தக ஓவியத்துக்கு அமெரிக்காவில் தரும் விருது. 1983-இல் கீட்ஸ் மறைந்தார். நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் அதிகம் இரவல் போன புத்தகங்களை 2020-இல் பட்டியலிட்டபோது, முதலிடத்தில் பீட்டர்: 4,85,583 தடவை.

அப்புறம், அவன் ஏழு புத்தகங்களில் வளர்ந்துகொண்டே போகிறான். நாளைக்கு 'பீட்டர்ஸ் சேர்'. தங்கைப் பாப்பாவுக்காகத் தன் பழைய சாமான்களுக்கெல்லாம் பிங்க் பெயின்ட் அடிப்பதைப் பார்த்து, நாற்காலியையாவது காப்பாற்ற அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.