அப்பாவின் ஸ்பிரிங் பேக்

அப்பாவுக்குப் போன மாதம் ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்ரீராமபுரம் வீட்டுக்கு வந்த மறுநாளே டிஸ்சார்ஜ் ஃபைலை என்னிடம் நீட்டினார். “3.0, 24, கோபால்ட் குரோமியம்னு போட்டிருக்கான். டாலரன்ஸ் எங்கம்மா?” மில்லிமீட்டரில் விட்டம் 3.0, நீளம் 24. அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதுதான் டாலரன்ஸ். பெங்களூரு பீன்யாவில் முப்பது வருஷம் பெண்டிங் மிஷினில் தகடு வளைத்தவர், வேறென்ன கேட்பார்!

நான் வேலை பார்ப்பது ஸ்டென்ட் சோதிக்கும் லேபில். அப்பாவுக்கு இதுவரை அது ‘கம்ப்யூட்டர் வேலை’.

சுருக்கிய பலூன்மேல் இறுக்கிய உலோக வலைதான் ஸ்டென்ட் என்றேன். பலூனுக்குள் பத்து அட்மாஸ்பியர் அளவில், அதாவது கார் டயரைப் போல ஐந்து மடங்கு அழுத்தம் ஏற்றினால் விரியும். பலூனை எடுத்தாலும் வலை விரிந்தபடியே நிற்கும். ஆனால் கொஞ்சம் சுருங்கும்.

“ஸ்பிரிங் பேக்” என்றார் உடனே. “எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடுன்னா 90 டிகிரி வேணும்னா 88 வரைக்கும் வளைக்கணும், விட்டதும் 90க்குத் திரும்பிடும்.”

அதேதான். எளிதில் வளைந்துகொடுக்கும் உலோகம் குறைவாகத் திரும்பும். ஆனால் ரத்தக்குழாய் நெருக்கும்போது தாங்க வலுவும் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கோபால்ட் குரோமியம், எஸ்.எஸ்.ஸை விட வலுவும் விறைப்பும் அதிகம். அதனால் கம்பியை மெல்லிசாக்க முடிந்தது. பழைய எஸ்.எஸ். ஸ்டென்ட் ஒன்றில் கம்பி 140 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), இப்போது 80 அளவில். 2001இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், 50 மைக்ரான் ஸ்டென்ட் வைத்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி அடைத்தது. 140 வைத்தவர்களில் 25.8.

“மெல்லிசானா மடங்காதா?” என்றார். மேஜையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் காட்டினேன். படுக்கவைத்து வளைத்தால் வில்லாக வளைகிறது, விளிம்பில் நிறுத்தினால் அசையவே இல்லை. ஸ்டென்ட் விரிவதும் சுருங்குவதும் இந்த விளிம்புத் திசையில்தான். கம்பியின் தடிமன் பாதியானால் விறைப்பும் பாதிதான் ஆகும். அகலம் பாதியானால் எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் தடிமனைக் குறைத்தாலும் அகலத்தில் கைவைக்கத் தயங்குவோம். அதில் கைவைத்த ஒரு டிசைன் எங்கள் மேஜையில் அழுத்தியதும் அமுங்கிப்போனது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

லேபில் வந்த ஒரு சாம்பிளையும் சொன்னேன். அனீலிங், அதாவது சூடாக்கி உலோகத்தை இளக்குவது, சரியில்லை, விரித்ததும் ‘யு’ வளைவின் உள்பக்கம் மயிரிழை விரிசல். “வெளிப்பக்கம்ல விரியும்?” என்றார். வளைக்கும்போது வெளிப்பக்கம், வளைந்ததைப் பிரிக்கும்போது உள்பக்கம். யோசித்துத் தலையாட்டினார்.

அப்புறம் ஃபைலைத் தன் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தார். ஸ்டென்ட் வைத்தபின் 3.25 அளவுள்ள இன்னொரு விறைப்பான பலூனை உள்ளே விட்டு அழுத்தியிருக்கிறார்கள். சுவரில் முழுக்கப் படிவதற்காக என்று விளக்க ஆரம்பித்தேன்.

“தெரியும்மா, 88” என்று சிரித்தார்.