முகம் தெரியாத ஐந்து புத்தர்கள்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். மியான்மரில் சாக்ஸையும் கழற்ற வேண்டும். ஜனவரி மாதக் குளிரில், படகில் உட்கார்ந்தே விறைத்துப்போன காலை இன்லே ஏரியிலுள்ள பவுங் டோ ஊ புத்தர் கோயிலின் தரையில் வைத்ததும் உச்சந்தலை வரை ஜிவ்வென்றது. மார்கழி விடியலில் பிராகாரம் சுற்றிய கால்தான், இருந்தாலும் இது வேறு குளிர்.

2019-இல் நானும் வீட்டுக்காரரும் போன பயணம் இது. ஷான் மாநிலத்து மலைகளுக்கு நடுவே, கிட்டத்தட்ட 2900 அடி உயரத்தில் கிடக்கிறது இன்லே ஏரி. நீளம் சுமார் 22 கிலோமீட்டர். விமானத்தில் ஹேஹோவுக்குப் போய் நேராக ஏரியில் இறங்கிவிடலாம். ஆனால் கலாவ் என்ற மலையூரிலிருந்து கிராமங்கள் வழியாக நடந்து வருவதுதான் அழகு என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் நடையை என் முழங்காலுக்காக இரண்டாகக் குறைத்து, பாதித் தூரம் வண்டியில் போய் இறங்கினோம்.

செம்மண் பாதை. வீட்டு முற்றங்களில் பாயை விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். பக்கத்தில் போனாலே தும்மல். அந்த மலைகளில் பா-ஓ மக்கள் நிறைய. பெண்கள் கறுப்பு உடுத்தி, தலையில் ஆரஞ்சு நிறத் துண்டை முண்டாசாகக் கட்டியிருப்பார்கள். வழிகாட்டியாக வந்த பையனும் பா-ஓதான். "எங்களுக்கு அப்பா சித்தர், அம்மா நாகம், ஆன்ட்டி. அம்மாவின் தலைதான் இந்த முண்டாசு" என்றான். நாகம்மாளுக்குப் பால் ஊற்றும் ஊரிலிருந்து போனவளுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அன்று ராத்திரி ஒரு மூங்கில் வீட்டின் மாடியில் தங்கினோம். எங்களுக்குப் படுக்கை விரித்திருந்தது அவர்கள் சாமி அலமாரிக்கு முன்னால். சின்னப் புத்தர், பிளாஸ்டிக் பூ, ஒரு குவளைத் தண்ணீர், கிண்ணத்தில் சோறு. நான் அசதியில் அப்படியே சாய்ந்து காலை நீட்டினேன். வீட்டுப் பாட்டி பதறிப்போய் வந்தாள். பாஷை தெரியாது, என் கணுக்காலைப் பிடித்து மெல்ல மறுபக்கம் திருப்பி வைத்தாள். புத்தர் பக்கம் கால் நீட்டக் கூடாதாம். என் மாமியார் இருந்திருந்தால் இதையேதான் செய்திருப்பார், கொஞ்சம் திட்டும் சேர்த்து. அப்புறம் பாட்டியே இரண்டு கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டாள்.

சாப்பாட்டுக் கவலை எனக்குப் பெரிதாக இருந்தது. 'தெத் தத் லூ' என்ற மூன்று அசைகளை மனப்பாடம் செய்துகொண்டு போனதில் பிழைத்தேன். சைவம் என்பதற்கு அவர்கள் சொல். உயிர்க்கொலை நீங்கியது என்று பொருளாம். ஷான் டோஃபு சோயாவில் செய்வதில்லை, கொண்டைக்கடலை மாவில் கிண்டுகிறார்கள். காலையில் ஆவி பறக்கக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தபோது, நம் கடலைமாவுக் களிக்குத் தூரத்துச் சொந்தம் போலிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஏரிக்கரையில் இறங்கி நீளப் படகில் ஏறினோம். ஏரியிலேயே வாழும் இந்தா இன மக்கள் படகின் முனையில் ஒற்றைக் காலில் நின்று, மறு காலைத் துடுப்பில் சுற்றித் தள்ளுகிறார்கள். உட்கார்ந்தால் நீர்ப்பாசியும் கோரையும் பார்வையை மறைக்குமாம். முதலில் வந்த இரண்டு பேர் கூடையைத் தூக்கிப் படத்துக்கு நின்றுவிட்டுக் காசு கேட்டார்கள். அதற்கப்பால், யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் அதே ஒற்றைக் காலில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான். பாசியையும் சேற்றையும் பாத்தியாகச் சேர்த்து, மூங்கில் கழியால் ஏரியின் அடியில் குத்தி நிறுத்தி, அதன்மேல் தக்காளி போடுகிறார்கள். ஒரு படகு போனால் தோட்டமே மெல்ல ஏறி இறங்குகிறது.

ராத்திரி ஏரிமேல் கால் ஊன்றி நிற்கும் ஒரு விடுதியில் தங்கினோம். பவுங் டோ ஊ போனது அடுத்த நாள் காலையில். பெயருக்கு அரச ஓடத்தின் முனை என்று பொருள். உள்ளே நடு மேடையில் ஐந்து மூர்த்தங்கள். 12-ஆம் நூற்றாண்டுப் பகான் அரசர் அலாங்சித்து தந்தவை என்பது ஐதீகம். பெரியதே ஒன்றரை அடிதான். ஆனால் அவை புத்தராகத் தெரியவில்லை. முகம் இல்லை, கை இல்லை, மடி இல்லை. தங்க உருண்டைகள். ஒன்றின்மேல் ஒன்று வைத்த பூசணிக்காய் போல. பக்தர்கள் காலங்காலமாகத் தங்கரேக்கு ஒட்டி ஒட்டி உருவமே மறைந்துவிட்டது. சுவரில் பழைய புகைப்படங்கள் மாட்டியிருக்கிறார்கள். அவற்றில் சில மூர்த்தங்களுக்கு வடிவம் தெரிகிறது. பாரம் தாங்காமல் இடையில் கொஞ்சம் தங்கத்தை எடுத்ததாகவும் சொல்கிறார்கள்.

நம் கோயிலில் சந்தனக்காப்பு என்றால் அடுத்த அபிஷேகத்தில் கரைந்துவிடும். திரும்ப மூக்கும் முழியுமாக சாமி வருவார். இங்கே கரைப்பதே இல்லை.

ரேக்கு வாங்கும் வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேடைப் படியில் கால் வைக்கப் போனபோதுதான் பலகையைப் பார்த்தேன். பெண்களுக்கு அனுமதி இல்லை. ஊரில் சபரிமலை விஷயம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த மாதம் அது. "இங்கேயுமா?" என்றேன் சத்தமாகவே. வீட்டுக்காரர் சங்கடமாகச் சிரித்தார். கோபம் வந்தது, மறைப்பானேன். கீழே பா-ஓ பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தேன். அவர் மேலே போய், ரேக்குத் தாளைப் பிரித்து, ஒரு மூர்த்தத்தின் தோள் இருக்க வேண்டிய இடமாகப் பார்த்து கட்டைவிரலால் அழுத்தினார். ரேக்கு அத்தனை மெல்லிசு. மூச்சு பட்டாலே சுருண்டது. "உன் பேரைச் சொல்லித்தான் ஒட்டினேன்" என்றார் இறங்கி வந்து. சரி, அவர் என்ன செய்வார்!

புரட்டாசி, ஐப்பசி வாக்கில் இங்கே 18 நாள் உற்சவம். பறவை வடிவப் பொன் ஓடத்தில் மூர்த்தங்களை ஏற்றி, காலால் துடுப்புப் போடுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து இழுத்து, ஏரியின் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். நம் தெப்பம் குளத்தை மூன்று சுற்று சுற்றினால் முடிந்தது! ஐந்தில் நான்குதான் போகும், ஒன்று கோயிலிலேயே இருக்கும். 1965-இல் ஓடம் கவிழ்ந்து, ஒரு மூர்த்தம் மட்டும் கிடைக்காமல், திரும்பி வந்து பார்த்தால் அது பாசி ஒட்டிய மேனியோடு கோயிலில் இருந்ததாம். படகுக்காரர் பக்கத்து வீட்டுச் செய்தி போல இதைச் சொன்னார்.

பிற்பகல் இன்டெய்ன் என்ற ஊருக்குப் போனோம். சின்ன ஓடை வழியாகப் படகு ஏறிப்போகிறது. குன்றின்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய தூபிகள். சிலவற்றைப் புதிதாகப் பூசிப் பொன்வண்ணம் அடித்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது கல்யாண மண்டப அலங்காரம். பூசாதவற்றில் செங்கல் பிளந்து மரம் வளர்ந்திருந்தது. கூம்புகளில் தொங்கும் குட்டி மணிகள் காற்றில் சிணுங்கின. அங்கே ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

பவுங் டோ ஊ மூர்த்தங்களுக்குச் சின்னச் சீவரத் துணி, அதாவது பிக்குகள் உடுத்தும் துணி, சாத்துவார்கள். அந்தத் துணியையோ, அதில் ஒரு கீற்றையோ பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்ளலாம். ரேக்கு ஒட்ட விடாத கோயில் எனக்குக் கொடுத்தது அதைத்தான். எங்கள் படகின் மோட்டாரிலும் ஒரு கீற்று கட்டியிருந்தது, டீசல் பட்டுக் கறுத்துப்போய்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் அந்த ஏரிமேல் நின்ற வீடுகள் நிறைய சாய்ந்துபோயின. படங்களில் அந்தப் படகுக்காரரின் ஊர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அடையாளம் தெரியவில்லை. சீவரக் கீற்று எங்கள் பூஜை அலமாரியில் பழனி முருகன் படத்தின் ஆணியில் தொங்குகிறது. அன்று மட்டும் விளக்கை அதன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.