சியோலில் ஒரு கூட்டம், லண்டனில் ஒரு கூட்டம்

கே-பாப் எனும் கொரியப் பாப் இசைக் கான்சர்ட் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்லிவிடுவார்: "அதெல்லாம் செட்-அப். எங்கே கத்த வேண்டும் என்பதைக்கூட குழுவை நடத்தும் கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடுகிறது." தகவல் சரிதான். ஒரு புதுப் பாட்டு வரும்போது, எந்த இடத்தில் யார் பெயரைச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லைச் சேர்ந்து பாட வேண்டும் என்று ரசிகர்களுக்கான குறிப்பும் கூடவே வரும். சில சமயம் பாடகர்களே சொல்லிக் காட்டுகிற வீடியோவாகவும் வரும். ஆனால் அதை வைத்து "அப்படியென்றால் அந்த உற்சாகம் பொய்" என்று முடிவு கட்டுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. 2023 ஜூலையில் சியோலின் கோச்சொக் ஸ்கை டோமில் செவன்டீன் குழுவைப் பார்த்தேன். 2024 ஆகஸ்ட்டில் லண்டன் வெம்ப்ளியில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஈராஸ் டூர். இரண்டுமே எனக்கு உயிர். இரண்டு இடத்திலும் கூட்டத்துக்கு இருந்த வேலைதான் வேறு வேறு.

கோச்சொக்குக்குத் தங்கையும் வந்திருந்தாள். அவள்தான் என்னைவிடப் பெரிய ரசிகை. கிளம்புவதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஃபேன் சாண்ட், அதாவது ரசிகர்கள் சேர்ந்து சொல்லும் வாசகங்களின் வீடியோவைப் போட்டு இரண்டு பேரும் பயிற்சி எடுத்தோம். செவன்டீனில் பதின்மூன்று பேர். பெயர்களை வேகமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது பாதியில் எனக்கு நாக்கு சிக்கிக்கொள்ளும். "அக்கா, பெயரை யோசிக்காதே, தாளத்தைப் பிடி, பெயர் தானா வரும்" என்பாள். அவள் சொன்னதுதான் சரி. ஒரு கட்டத்தில் பெயர்களே தாளமாகிவிட்டன. அந்தப் பாட்டுகளை இப்போது கேட்டாலும், பதிவில் பாடகர்கள் சும்மா இருக்கும் அந்த நாலு தாளக்கட்டு எனக்கு வெற்றிடமாகத் தெரிவதில்லை. அது எங்களுடைய பங்கு.

இதற்கு மிகத் தெரிந்த உதாரணம் பிடிஎஸ் என்ற கொரியக் குழுவுடையது. "கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யுங்கி, ஜங் ஹோசொக், பார்க் ஜிமின், கிம் தெஹ்யுங், ஜியோன் ஜங்குக், பிடிஎஸ்!" ஏழு பேரின் முழுப் பெயரும், கடைசியில் குழுவின் பெயரும். பல்லாயிரம் பேர் ஒரே மூச்சில் இதைச் சொல்வதை வீடியோவில் கேட்பது ஒன்று. கூட்டத்துக்கு நடுவே நின்று நாமும் சேர்ந்து சொல்வது முற்றிலும் வேறு. நம் குரல் நமக்கே கேட்காது, ஆனால் அது அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும்.

ரசிகர்கள் கையில் பிடித்து அசைக்கும் விளக்கான லைட் ஸ்டிக் விஷயத்தையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் கொரிய ரசிகர்கள் கையில் பலூன் இருந்தது. எச்.ஓ.டி. குழுவுக்கு வெள்ளை, செக்ஸ்கீஸ் குழுவுக்கு மஞ்சள், ஜி.ஓ.டி.க்கு வான நீலம். பல குழுக்கள் கலந்துகொள்ளும் நிகழ்ச்சியில் நிறத்தைப் பார்த்தாலே எந்தப் பக்கம் யார் ரசிகர்கள் என்று தெரிந்துவிடும். பிறகு பலூன் போய், குழுவுக்கு ஒரு வடிவம் என்று விளக்குகள் வந்தன. பிக்பேங்குக்கு மகுடம், பிளாக்பிங்க்குக்குச் சுத்தியல், பிடிஎஸ்ஸுக்குக் குண்டு வடிவ ஆர்மி பாம். இப்போதைய லைட் ஸ்டிக்கில் புளூடூத் இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன் ஆப்பைத் திறந்து நம் இருக்கை எண்ணைப் பதிவு செய்தால், இந்த விளக்கு எந்த வரிசையில் எந்த இருக்கையில் இருக்கிறது என்பது விளக்கிலேயே பதிந்துவிடும். அதற்கப்புறம் மேடைப் பக்கத்திலிருந்து யாரோ இயக்க, அரங்கம் முழுவதும் அலை ஓடும், எழுத்து தோன்றும், நிறம் மாறும்.

கோச்சொக்கில் எங்களால் அந்தப் பதிவைச் சரியாகச் செய்ய முடியவில்லை. பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கொரிய அம்மா தனியாக வந்திருந்தார். நாங்கள் தடுமாறுவதைப் பார்த்துக் கையை நீட்டினார். என் போனையும் விளக்கையும் வாங்கி, எதையோ அழுத்தி, விளக்கு துடித்ததும் திருப்பித் தந்தார். அப்புறம் தங்கையுடையதையும் செய்தார். பேசிக்கொள்ள எங்களுக்குப் பொதுவான மொழி இல்லை. பாட்டு தொடங்குவதற்கு முன் திரையில் பழைய மியூசிக் வீடியோக்கள் ஓடின. அதற்கே கூட்டம் சாண்ட் சொல்லத் தொடங்கியது. நான் பெயர்களைத் தவறாமல் சொல்வதைக் கேட்டு அந்த அம்மா என் தோளைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அன்றைய கான்சர்ட் அங்கேயே தொடங்கிவிட்டது.

வெம்ப்ளியில் கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையை நுழைவாயிலில் இலவசமாகத் தந்தார்கள். அதுவும் ஒளிரும், பாட்டுக்கு ஏற்ப நிறமும் மாறும். பிக்ஸ்மாப் என்ற கனடா நிறுவனத்தின் தொழில்நுட்பம் அது. மேடை விளக்கு போல ஒரு கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கூட்டத்தின் மேல் வீசும். அந்தக் கதிர் யார் மேல் படுகிறதோ அவர் பட்டை எரியும். நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை, கையைத் தூக்கினால் போதும். பார்க்க மிக அழகு. ஆனால் அந்தப் பட்டை அன்றைய இரவுக்கு மட்டும். பிரிட்டிஷ் இசைக்குழு கோல்ட்பிளேயின் நிகழ்ச்சியில் வெளியே போகும்போது திருப்பியே வாங்கிக்கொள்கிறார்கள், மறுபடி பயன்படுத்த. லைட் ஸ்டிக்கை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், பேட்டரி மாற்றுகிறோம், அடுத்த முறையும் எடுத்துப் போகிறோம். என்னுடையது என் மேசை மேலேயே நிற்கிறது.

சரி, வெம்ப்ளிக் கூட்டம் சும்மா நின்றதா என்றால் இல்லவே இல்லை. அங்கேயும் சாண்ட் உண்டு. 'டெலிகேட்' பாட்டின் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து கத்தும் அந்த "ஒன், டூ, த்ரீ" வாசகத்தை எந்தக் கம்பெனியும் எழுதவில்லை. 2018 டூரில் ஒரு ரசிகை கத்தியது வீடியோவாகப் பரவி, ஈராஸ் டூருக்குள் மொத்த மைதானத்தின் வழக்கமாகிவிட்டது. 'யூ பிலாங் வித் மீ'யில் அந்த இரட்டைக் கைதட்டலும் இப்போது கூட்டத்தின் சொத்து. கையில் மணிகள் கோத்த பிரேஸ்லெட்டுகளைச் செய்து எடுத்து வந்து மாற்றிக்கொள்ளும் வழக்கம், 2022-ல் வந்த 'மிட்நைட்ஸ்' ஆல்பத்தின் ஒரு பாட்டு வரியிலிருந்து பிறந்தது. படிக்கட்டில் ஒரு சின்னப் பெண் தன் கை நிறைய இருந்ததில் ஒன்றைக் கழற்றி எனக்குக் கொடுத்தாள். நான் எதுவும் செய்து எடுத்துப் போகாததால் என் வளையல் ஒன்றைக் கொடுத்தேன். அவள் அம்மாவிடம் ஓடிக் காட்டினாள்.

'ஷாம்பெயின் ப்ராப்ளம்ஸ்' முடிந்ததும் பல நிமிடம் நீண்ட கைதட்டலை மறக்க முடியாது. பியானோ முன்னால் டெய்லர் அப்படியே உட்கார்ந்திருக்க, சத்தம் குறைவது போல வந்து மறுபடி ஏறும். அதற்குக் குறிப்பு இல்லை, எப்போது நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் அந்த இரவுக்கென்று அவர் தேர்ந்தெடுத்த பாட்டுகள், கிட்டாரோடும் பியானோவோடும் தனியாக. முதல் சுரம் விழுந்ததும் பாட்டை அடையாளம் கண்டுகொண்டவர்களின் அலறல் ஒரு மூலையிலிருந்து கிளம்பி மைதானம் முழுக்கப் பரவும். நேற்று வந்தவருக்கு இது கிடைக்கவில்லை, நாளை வருபவருக்கும் கிடைக்காது.

கே-பாப்பில் நான் ஏங்குவது இதற்காகத்தான். பெரும்பாலான குழுக்கள் பதிவு செய்த இசையின் மேல் பாடுகின்றன. அவ்வளவு கடினமான நடனத்துக்கு அது தேவைதான், புரிகிறது. ஆனால் டிரம்ஸ் வாசிப்பவர் அன்றைய மனநிலைக்கு ஒரு சுற்று கூட்டி வாசிப்பது, பாடகர் வரியை இழுத்துப் பிடிக்கும்போது இசைக்குழு அவருக்காகக் காத்திருப்பது, இதெல்லாம் அப்போது நடக்காது. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், கூட்டத்தில் யாரோ பிடித்திருக்கும் அட்டையில் எழுதிய பாட்டைப் பார்த்துவிட்டு, உடனே தன் குழுவோடு வாசிக்கத் தொடங்குவார். அந்தத் துணிச்சலுக்கு இணையான ஒன்றைக் கொரிய மேடைகளில் நான் இன்னும் நிறையப் பார்க்க விரும்புகிறேன். அங்கேயும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாடகி ஐயூ இசைக்குழுவோடு பாடுகிறார். நிகழ்ச்சி முடிந்ததும் கூடுதலாகப் பாடும் என்கோர் முடிந்த பிறகும் போகாமல், ரசிகர்கள் கேட்கக் கேட்க இன்னும் பாடுகிறார். 2022 செப்டம்பரில் சியோலின் ஜம்சில் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் பாடியபோது, வந்தவர்களுக்கு உட்கார மெத்தைகளையும் வைத்திருந்தார். அங்கே தனியாக நிகழ்ச்சி நடத்திய முதல் கொரியப் பாடகி அவர்.

செட்-அப் என்கிற வாதத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் உண்மையிலேயே மனம் வலிக்கிறது. 2012 ஆகஸ்ட்டில் அமெரிக்க ராப் பாடகர் எமினெம் முதல்முறையாக சியோலில் பாடினார். அவருக்காக எந்தக் கொரிய நிறுவனமும் குறிப்பு எழுதித் தரவில்லை. கூட்டம் ஆங்கில ராப்பை வரி வரியாகச் சேர்ந்து பாடியது. இப்படியெல்லாம் செய்யாதவர் என்று பெயர் எடுத்த அவர், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி இதய வடிவம் காட்டினார். 2017 ஏப்ரல் 16 அன்று கோல்ட்பிளே ஜம்சிலில் பாடியபோது, பள்ளி மாணவர்கள் பலர் உயிரிழந்த செவோல் கப்பல் விபத்தின் மூன்றாம் ஆண்டு நினைவு நாள் அது. 'யெல்லோ' பாட்டை நடுவே நிறுத்தி, திரையில் அந்த விபத்தின் நினைவுச் சின்னமான மஞ்சள் ரிப்பன் காட்டி, மொத்த ஸ்டேடியமும் மௌனம் காத்தது. சேர்ந்து குரல் எழுப்பத் தெரிந்த கூட்டத்துக்குச் சேர்ந்து அமைதியாக இருக்கவும் தெரிந்திருக்கிறது.

அந்தக் குரலைப் பறித்தால் என்ன ஆகும் என்பதை 2022 மார்ச்சில் பார்த்தோம். கொரோனா கட்டுப்பாட்டின் நடுவே பிடிஎஸ் ஜம்சிலில் மூன்று நாள் பாடியது. நாளுக்கு 15,000 பேர் மட்டும். கத்தக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது, சேர்ந்து பாடக் கூடாது. கைக்கு ஒரு காகிதத் தட்டியைக் கொடுத்து, அதைத் தட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நானும் தங்கையும் ஆன்லைனில் பார்த்தோம். சாண்ட் வர வேண்டிய இடம் வரும்போதெல்லாம் டப் டப் என்று காகிதச் சத்தம். எங்கள் வீட்டு அறையில் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெயர்களைச் சத்தமாகச் சொன்னோம். யாரோ ஒருவர் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அதே குழுவுக்கு 2019 ஜூனில் வெம்ப்ளியில் நடந்ததோ நேர் எதிர். ரசிகர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, பிடிஎஸ் உறுப்பினர்களே எதிர்பாராத நேரத்தில் 'யங் ஃபாரெவர்' பாட்டை மேடையைப் பார்த்துப் பாடினார்கள். மேடையில் நின்றவர்கள் அழுதுவிட்டார்கள். சேர்ந்து பாடிப் பழகிய கூட்டம்தான் இப்படித் திருப்பிக் கொடுக்க முடியும்.

டிக்கெட் விலையில் எனக்குக் கொரிய முறைதான் பிடிக்கும். பெரும்பாலும் சில வகை விலைகள்தான், அவை முன்கூட்டியே தெரியும். மேற்கில் தேவை கூடக்கூட விலை ஏறும் முறை பரவியிருக்கிறது. 2024-ல் பிரிட்டிஷ் ராக் குழு ஓயசிஸின் டிக்கெட்டுகளில் 150 பவுண்டு என்று அறிவித்த நிற்கும் இடங்கள் சில, வரிசையில் காத்திருந்தவர்களுக்கு 355 பவுண்டுக்குக் காட்டப்பட்டன. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

போன் விஷயமும் அப்படியே. கொரியாவில் படம் எடுக்கக் கூடாது என்ற விதி பொதுவானது. முதலில் எரிச்சலாக இருந்தது, அரை மணி நேரத்தில் நிம்மதியாகிவிட்டது. ஒரு கையில் விளக்கு, இன்னொரு கை சும்மா. வெம்ப்ளியில் என் முன்னால் நின்றவரின் திரை வழியாகத்தான் பல பாட்டுகளைப் பார்த்தேன்.

கோச்சொக்கில் கடைசியாக உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். இதுவும் அங்கே வழக்கம். மேற்கத்திய நிகழ்ச்சிகளில் இவ்வளவு நீளமாக யாரும் பேசி நான் பார்த்ததில்லை. பிறகு 2016-ல் வந்த 'வெரி நைஸ்'. செவன்டீன் இந்தப் பாட்டை ஒரு முறையோடு விடுவதில்லை. முடிந்தது என்று நினைக்கும்போது பல்லவி மறுபடி தொடங்கும், மறுபடி குதிக்க வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிய தங்கை அதைக் கீழே வைத்தாள், மறுபடி மாட்டினாள், மறுபடி வைத்தாள். "அக்கா, இவங்க விட மாட்டாங்க!" பக்கத்து அம்மா எங்களைவிட உயரமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

முதல்முறை சியோலுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள், டிக்கெட்டில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். லைட் ஸ்டிக்கை அறையிலேயே ஆப்போடு இணைத்துப் பாருங்கள், அரங்க வாசலில் இணையம் நெரிசலாக இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு மூன்று ஏஏஏ பேட்டரி வேண்டும், ஒரு செட் கூடுதலாக எடுத்துப் போங்கள். சாண்ட் முழுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பெயர்களை மட்டுமாவது மனப்பாடம் செய்துவிடுங்கள். வெம்ப்ளிக்குப் போகிறவர்கள், மெயின் பாடகர் வரும்போது போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் இரவில் டெய்லருக்கு முன்னால் பாடியது அமெரிக்க ராக் குழு பாராமோர்.