மண்டபத்துக்குள் 9 பிரேம்

ஏப்ரல் 20, ஞாயிறு, சத்துவாச்சாரி

இன்று இரவு 8 மணிக்கு மண்டபத்தைத் திறந்தோம். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை ஐந்து மாதமாக செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் கட்டிவந்தேன். பகலில் பள்ளியில் ஓவிய வகுப்பு, இரவில் தூண் வேலை. அழைப்பை ஏற்று 35 பேர் வந்தார்கள். குவைத்திலிருந்து தம்பி வந்தான். குடியாத்தத்திலிருந்து ஒருவர், மலேசியாவிலிருந்து ஒரு குடும்பமே வந்தது.

பத்தாவது நிமிடத்தில் எல்லாம் குலைந்தது. என் திரையில் நொடிக்கு 9 பிரேம், அதாவது கணினி நொடிக்கு 9 படம்தான் வரைகிறது. வலது பக்கம் திரும்பச் சொன்னால், சொன்னதை மறந்த பிறகு திரும்புகிறது. நான்கு அடி நடந்த என் உருவம், முளையில் கட்டிய கன்று போல மறுபடி பழைய இடத்துக்கே இழுபட்டது. எல்லோரும் ஒரே வரியைத் தட்டினார்கள்: "நெட் சரியில்லை."

பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். மூட்டு வலியால் அவர் கோட்டைக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்காகத்தான் இந்த மண்டபத்தைத் தொடங்கினேன். "ஏன் கண்ணு, விக்கி விக்கிப் போகிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 21

காய்ச்சல் என்று வருகிறவருக்கு உடனே மாத்திரை கொடுத்து அனுப்ப மாட்டார்கள். முதலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மருத்துவமனை ஊரில் வளர்ந்த எனக்கு நேற்றே இது தோன்றியிருக்க வேண்டும். லேக், அதாவது இப்படித் திணறித் தாமதிப்பது, அதுவும் காய்ச்சல் மாதிரிதான். வெளியே தெரிவது ஒன்று, உள்ளே இருக்கும் நோய் வேறு வேறு.

கண்ட்ரோல், ஷிப்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புள்ளிவிவரப் பலகை திறக்கும். நேற்று அதைப் படம் பிடித்து வைத்தது நல்லதாயிற்று. அதில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, என் கணினி நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்பது: 9. இரண்டாவது வழி. என் வீட்டுக்கும், அந்த உலகத்தை ஓட்டும் தொலைதூரக் கணினியான சர்வருக்கும் இடையே செய்தி போய்த் திரும்பும் நேரமும், வழியில் தொலைந்த தரவுப் பொட்டலங்களும்: 270 மில்லி நொடி, 6 சதவீதம். மூன்றாவது சர்வர். அது தன் உலகத்தை நொடிக்கு 45 முறை கணக்குப் போட்டுப் புதுப்பிக்க வேண்டும். நேற்று 27 முறைதான் போட்டிருக்கிறது. நேர விரிவு என்ற எண் 1 ஆக இருக்க வேண்டிய இடத்தில் 0.6 நின்றது. உலகத்தின் கடிகாரமே தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆக, மூன்று நோயும் ஒரே இரவில் வந்திருக்கின்றன. "நெட் சரியில்லை" என்ற ஒரே சொல்லில் மூன்றையும் போட்டு மூடினால் ஒன்றும் தீராது. கணினி மெதுவாக வரைவதற்கு இணைய வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. சர்வர் திணறும்போது விலை உயர்ந்த கிராபிக்ஸ் அட்டை வாங்கியும் பயனில்லை. மக்கள் இப்படித்தான் பணத்தைத் தொலைக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கிறது.

ஏப்ரல் 23

எளியதிலிருந்து தொடங்கினேன். வைஃபை பெட்டி கூடத்தில் இருக்கிறது, என் மேசை உள்ளறையில். நடுவில் அம்மாவின் இரும்பு பீரோ. இரும்பைத் தாண்டி வைஃபை அலை சரியாக வராது. பதினைந்து மீட்டர் லேன் கம்பி வாங்கி நிலைப்படி ஓரமாக இழுத்து நேரே கணினியில் செருகினேன். தொலைந்த பொட்டலங்கள் பூஜ்யம். கன்று இழுபடுவது நின்றுவிட்டது.

ஏப்ரல் 26, சனி

வெயில் இப்போதே தாங்கவில்லை. மின்விசிறிக் காற்று அடுப்பிலிருந்து வருவது போல இருக்கிறது. மடிக்கணினி முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அதன் பிறகு துவள்வதை இன்று நேரம் குறித்துக் கவனித்தேன். சிப் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அன்று பத்தாவது நிமிடம் எல்லாம் குலைந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

அடிமூடியின் திருகுகளைக் கழற்றித் திறந்தேன். விசிறியிலிருந்து காற்று வெளியேறும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்புப் பல் போல வரிசையாக இருக்கும். அந்தப் பல்லிடுக்கு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. விரல் நகத்தால் நெம்பினேன், தைத்த துணி போல முழுசாகக் கழன்று வந்தது. அதில் சாக்பீஸ் தூள், அம்மாவின் நரைமுடி ஒன்று, மூன்று ஆண்டுத் தெருப்புழுதி. வாட்டர்கலர் பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தேன். மூடி ஓடவிட்டதும் ஆளில்லாத மண்டபத்தில் 19 ஆக இருந்தது 31 ஆயிற்று. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அதே 31.

ஏப்ரல் 27

தம்பி போனில் கேட்டான்: "அக்கா, கம்பி போட்டுவிட்டாய். இன்னும் ஏன் பிங் 260?" செய்தி போய்த் திரும்பும் நேரத்தைத்தான் பிங் என்பார்கள்.

அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறது. அந்த உலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2003இல். அதன் சர்வர்கள் இருப்பதும் அமெரிக்காவின் மேற்குப் பக்கம். இங்கிருந்து ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக 65 மில்லி நொடி, வர 65. நேர்க்கோட்டில் கம்பி இருந்தாலே 130 ஆகிவிடுகிறது. கடலடிக் கம்பியோ சென்னையில் இறங்கி, பல நாடுகளைச் சுற்றி, பல பெட்டிகளில் நின்று நின்று போகிறது. 260 என்பது தூரத்தின் விலை. அதை யாரும் குறைத்துத் தர மாட்டார்கள். அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, நம்மால் குறைக்கக்கூடியதில் கைவைப்பதே சரி என்றேன். அவனும் ஒத்துக்கொண்டான்.

மே 1

இன்று கண்டுபிடித்தது எனக்குக் கசப்பானது. பெரும் பாரம் என் மண்டபமேதான்.

24 தூண்கள் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், ஒவ்வொரு முகத்துக்கும் தனிப் படம். உண்மைத் தூண்களில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை, அந்த மரியாதையை விடக்கூடாது என்று நினைத்தேன். அப்படி 96 படங்கள். 1024க்கு 1024 புள்ளி உள்ள ஒரு படம் திரை நினைவகத்தில் விரிந்தால் 4 மெகாபைட். மொத்தம் 384. கோப்பாக இருக்கும்போது சிறியதாகத் தெரிவது அங்கே போனால் அப்படி இருக்காது. குடியாத்தத்துக்காரரின் பழைய கணினியில் இது எப்படி நுழையும்? அவர் 3 பிரேமில் ஒரு மணி நேரம் பொறுமையாக நின்றுவிட்டு, "அருமை அம்மா" என்று எழுதிவிட்டுப் போனார். அந்த வரியை இன்று மறுபடி படித்தபோது கண் கலங்கியது.

சிற்பிக்குக் கல்லின் எடை தெரியும். எங்கள் கல்லுக்கும் எடை உண்டு, அது கட்டுகிறவரின் கணினியில் தெரிவதில்லை, பார்க்க வருகிறவரின் கணினியில் தெரிகிறது. இனி யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பேன்.

முன்வரிசைத் தூண்களில் பாயும் குதிரை வீரர்களுக்கு மட்டும் பெரிய படங்களை விட்டேன், மொத்தம் எட்டு. பின்தூண்களுக்கு 512 அளவில் பன்னிரண்டு படங்களைத் திருப்பித் திருப்பிப் பொருத்தினேன். 384 இருந்த இடத்தில் இப்போது 44. நின்று பார்த்தேன், கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. பகலில் கணினியைத் தொடவில்லை.

இரவு விளக்குகள். 24 அகல்விளக்குக்கும் சுடர் அசைய ஒவ்வொரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் ஓயாமல் சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நொடிக்கு 45 சுற்று என்றால் சர்வருக்கு ஒரு சுற்றில் கிடைப்பது 22 மில்லி நொடி. அதற்குள் அத்தனை பேரின் நடையையும், முட்டலையும், எல்லா ஸ்கிரிப்டையும் பார்த்து முடிக்க வேண்டும். சுடரைப் பட அசைவாக மாற்றினேன். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அசைக்கும் வேலையைப் பார்ப்பவரின் கணினியே பார்த்துக்கொள்ளும்.

அந்த உலகில் நடமாடும் என் உருவமான அவதாரத்தின் மல்லிகைச் சரத்தையும் கழற்றினேன். ஒவ்வொரு மொட்டையும் தனி வடிவமாகச் செய்து தொடுத்தது அது. கணினி எந்த வடிவத்தையும் சிறு முக்கோணங்களாகத்தான் வரையும்; அந்த ஒரு சரத்தில் இருக்கும் முக்கோணங்கள் இரண்டு தூண்களைவிட அதிகம். என்னை ஒருவர் பார்க்கும் ஒவ்வொரு பிரேமிலும் அத்தனையையும் அவர் கணினி வரைய வேண்டும். வருகிறவர்களுக்கும் எழுதினேன்: கனமான கூந்தல், ஸ்கிரிப்ட் உள்ள நகைகளைக் கழற்றிவிட்டு வாருங்கள், கணினி எவ்வளவு தூரம் வரை வரைய வேண்டும் என்ற பார்வைத் தூரத்தை 128 மீட்டரிலிருந்து 64க்குக் குறையுங்கள். தூரம் பாதியானால் பரப்பு கால்வாசியாகும்.

மே 11, ஞாயிறு

31 பேர். சர்வர் 44, 45. நேர விரிவு 0.98க்குக் கீழே இறங்கவே இல்லை. என் திரையில் 26 பிரேம். குடியாத்தத்துக்காரர் "எனக்கு 17 வருகிறது, நடக்க முடிகிறது" என்று எழுதினார். எனக்கு அதுவே போதும்.

அம்மா மவுஸை வாங்கிக்கொண்டார். அவசரப்படாமல் நடந்தார். குதிரைத் தூணின் முன் நின்று பாதத்திலிருந்து மேலே பார்த்தார், படம் ஒருமுறைகூட விக்கவில்லை. கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்ததையும், நம் சத்துவாச்சாரியிலிருந்த லிங்கம் 1981இல் கோட்டைக்குப் போனதையும் வந்தவர்களுக்குச் சொன்னார். மலேசியக் குழந்தைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டன.

பிறகு கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கிளிகள் எங்கே கண்ணு? தாமரையைச் சுற்றி வட்டமாக இருக்குமே."

பாரம் கூடும் என்று விட்டுவைத்திருந்தேன். எல்லோரும் போன பிறகு ஒரு கிளியைச் செய்து பார்த்தேன்: 1,800 முக்கோணம். அலகையும் கழுத்தையும் மட்டும் செதுக்கி, சிறகை ஒளி நிழல் படமாகத் தீட்டினால் 400க்குள் கொண்டுவரலாம். அந்த ஒன்றையே வட்டம் முழுவதும் திருப்பித் திருப்பி வைக்கலாம். நாளை வகுப்பு இல்லை, காலையிலேயே உட்கார வேண்டும், வெயில் ஏறுவதற்கு முன்.