கோபமான பாஷை

"தமிழ் ஒரு கோபமான பாஷை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், மாத்தயா."

தேநீரை என் மேசையில் வைத்துக்கொண்டே இதைச் சிங்களத்தில் சொன்னவர் எங்கள் அலுவலகத்தில் தேநீர் போடுபவர். கேகாலைக்காரர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரை 'அய்யே' என்போம். தமிழன் காதுக்கு அது ஐயா போலக் கேட்டாலும் சிங்களத்தில் அண்ணன் என்றுதான் பொருள்.

இப்போது ஏன் அப்படி நினைக்கவில்லை என்று கேட்டேன். "அந்த நங்கி உள்ளே நின்று அம்மாவோடு போனில் பேசுவது கேட்டது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது." சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். முறைப்பாடு சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. எனக்குத்தான் தேநீர் இறங்கவில்லை. பதினொரு வருடமாக அந்த மனிதர் அலுவலகத்தில் கேட்ட தமிழில் பெரும்பகுதி என்னுடையது.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்களைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். என் பிரிவில் ஒன்பது பேர். மூவர் தமிழ் பேசுபவர்கள். மற்றவர்களோடு சிங்களத்திலும், மேலிடத்தோடும் கப்பல் கம்பனிகளோடும் ஆங்கிலத்திலும் பேசுவேன். காலை பத்து மணிக்குள் மூன்று மொழிக்குள்ளும் புகுந்து வெளியே வந்துவிடுவோம். அதை ஒரு திறமையாகவே எண்ணியிருந்தேன்.

நங்கி, அதாவது தங்கை, என்று அவர் சொன்ன பிள்ளை மலையகத்து ஹட்டனில் இருந்து வந்தவர். 2022 மே மாதம் அவர் கையில் இருந்த ஒரு கொள்கலனுக்கு டெமரேஜ் விழுந்துவிட்டது. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: கப்பல் கம்பனி சில நாட்களை இலவசமாகத் தரும், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம். அது டொலர் கணக்கு. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியிருந்தது. பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்துவிட்டு நேரே வேலைக்கு வந்த காலம். எல்லோருக்கும் நரம்பு முறுகித்தான் இருந்தது. ஆனாலும் நான் போட்ட சத்தத்துக்கு அதெல்லாம் காரணமாகாது. "கண் எங்கே வைத்திருக்கிறாய்? படித்தனியா, இல்லையா?" என்று முழு அலுவலகத்தின் நடுவில் நிறுத்திக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து, திறந்து, மூடி, திறந்து, மூடிக்கொண்டே நின்றார்.

அதே வாரம் ஒரு சிங்களப் பையன் சுங்கப் பிரகடனத்தில் பொருளின் குறியீட்டு இலக்கத்தைத் தவறாகப் போட்டான். அதுவும் சிறிய பிழை அல்ல. அவனுக்கு நான் சொன்னது: "கமக் நே மல்லி, பலமு." பரவாயில்லை தம்பி, பார்ப்போம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. அய்யே சொல்லாவிட்டால் இன்னும் பிடித்திருக்கும்.

இத்தனைக்கும், அய்யே அதைச் சொல்வதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் காலிமுகத்திடலுக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் எங்களுக்குச் செயலமர்வு நடந்தது. ஜோஹரி சாளரம் என்று ஒன்றைப் பலகையில் வரைந்தார்கள். 1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கியது. ஜோ, ஹாரி என்ற செல்லப்பெயர்களை ஒட்டி வைத்த பெயர். நான்கு கட்டங்கள். நாமும் அறிந்து பிறரும் அறிந்தது, நாம் மட்டும் அறிந்தது, ஒருவரும் அறியாதது, பிறருக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாதது. கடைசியாகச் சொன்னதைத்தான் குருட்டுக் கட்டம் என்பார்கள். 56 குணச்சொற்கள் உள்ள பட்டியலில் இருந்து சக ஊழியர்கள் நமக்குப் பொருத்தமானவற்றைத் தெரிவு செய்ய வேண்டும். எனக்கு 'அமைதியானவர்', 'பொறுமையானவர்' என்று வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பிலேயே நான் விழித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பேச்சு முழுவதும் தமிழில்.

அந்தச் சாளரத்தில் குறையில்லை. பட்டியல் ஆங்கிலம், அதில் இருப்பவை பெரும்பாலும் நல்ல சொற்கள், பொறுப்பாளரைப் பற்றி எழுதுபவர்கள் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள். எந்த மொழியில் பொறுமை என்று கேட்கும் இடம் அந்தத் தாளில் இல்லை.

ஏன் தமிழில் மட்டும் அப்படி? 'எங்கட ஆக்கள்' என்ற உரிமை என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. தமிழ்ப் பிள்ளை ஒருவர் பிழை விட்டால் அது என் கணக்கிலும் எழுதப்படும் என்ற பயம் இன்னொரு பங்கு. ஆனால் தோண்டத் தோண்ட, என் தமிழைவிட என் சிங்களம்தான் என்னை யோசிக்க வைத்தது. அந்தப் பணிவை நான் எங்கே கற்றேன்? 2005இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் இருந்தேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது எந்தக் குரலில் பேச வேண்டும் என்று உடம்பு தானாகப் பழகிக்கொண்டது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனாலும் அதன் பிறகு பல மாதம் பஸ்ஸில் தமிழ்ப் பேச்சையே அடக்கி வாசித்தேன். என் சிங்களத்தின் மென்மை அங்கே விளைந்தது. ஆங்கிலத்தில் நான் மரியாதையாக இருப்பது, திட்டும் அளவுக்கு ஆங்கிலம் வராததால். ஆக, எனக்குப் பயமும் தடுமாற்றமும் இல்லாத ஒரே மொழி தமிழ். அந்தச் சுதந்திரத்தை நான் செலவழித்தது ஹட்டன் பிள்ளையின் தலையில்.

மாற்றிக்கொள்ளப் புறப்பட்டபோது அது கூத்தாகத்தான் முடிந்தது. ஒரு காலை, "அந்தக் கோப்பைக் கொஞ்சம் தர முடியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "சேர், என்ன பிழை நடந்தது?" அதுவரை அவரை 'நீ' என்று அழைத்து வந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவில் 'நீர்' என்று வசதியான ஒன்று இருக்கிறது, அதை எடுத்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "சேர், எங்கள் பக்கத்தில் சர்ச்சில் கடவுளைத்தான் 'நீர்' என்று சொல்வார்கள்." பிரிவே சிரித்தது. அதன் பிறகு 'நீங்கள்' என்றாகிவிட்டது. இன்றும் அவசரத்தில் 'நீ' வாயில் வந்துவிடும், பாதியில் விழுங்குவேன்.

மன்னிப்புக் கேட்பதற்கு இன்னும் ஒரு மாதம் எடுத்தது. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது, அந்த டெமரேஜ் விஷயத்தில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அவர் சிறிது நேரம் லிஃப்ட் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், அது 11 என்று எனக்குத் தெரியாது. பலகையில் 17 மாதிரி இருந்தது."

இலவச நாட்கள் முடியும் திகதிகளைப் பலகையில் எழுதுபவன் நான். என் ஒன்றுக்கு மேலே ஒரு நீண்ட கொக்கி விழும். கொள்கலன் இலக்கத்தில் இப்படி ஒன்று மாறினால் தப்பாது. நான்கு எழுத்து, ஏழு இலக்கம், அந்தக் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது. பொருந்தாவிட்டால் கணினியே காட்டிக்கொடுத்துவிடும். கையால் எழுதிய திகதிக்கு அப்படி எதுவும் கிடையாது, யாராவது எழுந்து கேட்டால்தான் உண்டு.

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

லிஃப்ட் வந்தது. "நீங்கள் முதலில் போங்கள், சேர்" என்றார்.

இப்போது பலகையில் ஒன்றை வெறும் நேர்கோடாக இழுக்கிறேன், ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுகிறேன். போன வாரம் அவர் வந்து, என் ஐந்தும் விளங்கவில்லை என்றார்.