ஏரி வண்டலுக்கு அனுமதி: மே மாதம் வரை காத்திருக்காதீர்கள்

வயலுக்கு அடிக்க ஏரி வண்டல் இலவசம்தான், அனுமதி மட்டும் வாங்க வேண்டும். ஆனால் மே மாதமே காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த ஏரியிலிருந்து எங்கள் வயலுக்கு மண் வந்து சேர்ந்தபோது செப்டம்பர் கடைசி. அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. நடுவில் போன நாலு மாதத்தில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல். அது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2024-க்கு முன் கலெக்டர் அலுவலகம், கனிமவளத் துறை என்று அலைய வேண்டியிருந்தது. இப்போது தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம். நிலம் இருக்கும் தாலுகாவுக்குள் உள்ள ஏரி, குளம், கண்மாயில் கேட்கலாம். இ-சேவையில் பதிவது பத்து நிமிட வேலை. சிக்கல் அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதல் அடி பட்டியலில் விழுந்தது. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட நீர்நிலையில் மட்டும்தான் மண் எடுக்க முடியும். ஊரில் ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடும் ஏரி, கணக்கில் இரண்டு சர்வே எண்ணாக இருக்கும். பட்டியலில் ஒன்றுதான் இருந்தது. நாங்கள் எழுதியது மற்றதை. விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம் கேட்டால் கவுன்ட்டரில், "லிஸ்ட்ல இல்லீங்க, அவ்வளவுதான்" என்பதோடு சரி. மூன்றாம் முறை போனபோது பட்டியலையே கேட்டு வாங்கி, புலப்பட (நில அளவை வரைபட) நகலோடு வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. விண்ணப்பத்துக்கு முன்பே ஏரியின் சர்வே எண்ணை விஏஓவிடம் சரிபார்த்துவிடுங்கள். பெயரை நம்பாதீர்கள்.

அடுத்தது, ஏரி யாருடையது என்பது. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் நீர்வளத் துறை பிரிவு அலுவலகத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தோம். சாயந்திரம்தான், "இது யூனியன் ஏரி, பிடிஓ ஆபீசுக்குப் போங்க" என்றார்கள்.

எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் அடங்கல்தான், விஏஓ கொடுக்கும் பயிர்க் கணக்கு. அது வருவாய்த் துறையின் பசலி ஆண்டுக் கணக்கில் வரும், பசலி ஜூலை 1-ஆம் தேதி மாறும். மே, ஜூனில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) என்பதால் தாலுகா அலுவலகத்தில் வேறு கோப்பு நகராது. ஜூன் தொடக்கத்தில் கொடுத்த எங்கள் விண்ணப்பம் ஜூலையில் மேசைக்கு வந்தது. அதற்குள் அடங்கல் பழைய பசலியாகிவிட்டது. "புது அடங்கல் கொண்டாங்க." மறுபடி விஏஓ, மறுபடி வரிசை. மார்ச், ஏப்ரலில் கொடுத்தால் இந்தப் பொறியில் விழ மாட்டீர்கள். பட்டா இறந்தவர் பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். கூட்டுப் பட்டாவுக்கு மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் கேட்டார்கள். கையில் இருந்ததால் அங்கே மட்டும் தப்பித்தோம்.

அளவு: ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. டிராக்டர் கணக்கில் 25 நடை, 30 நடை. நஞ்சையா புஞ்சையா என்பதைச் சிட்டாதான் தீர்மானிக்கும். நீங்கள் இப்போது என்ன பயிர் வைக்கிறீர்கள் என்பதல்ல. 75 கன மீட்டரை ஓர் ஏக்கரில் சீராகப் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. அதனால் நிலம் முழுக்கத் தூவாமல், மணற்பாங்கான, தண்ணீர் நிற்காத பகுதிக்கு முழுவதையும் கொடுங்கள். ஏற்கெனவே களிமண்ணாக இருக்கும் வயலுக்கு அடிக்காதீர்கள். வடிகால் இன்னும் கெடும். மண்தான் இலவசம், ஜேசிபி வாடகையும் டிராக்டர் கூலியும் நம்முடையது என்பதால் ஒவ்வொரு நடையும் காசு.

எடுக்கும் இடத்தை ஜேசிபிக்காரரிடம் விடக் கூடாது. மதகையும் கரையையும் ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். ஆணையில் போட்டிருக்கும் ஆழத்தையும் தூரத்தையும் நின்று பார்த்து வாங்குங்கள். கறுத்த வண்டலுக்குக் கீழே சிவப்பாய்க் கிராவல் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அது வயலுக்கும் ஆகாது, இந்த அனுமதியில் அதை ஏற்றவும் கூடாது. வழியில் வண்டி பிடிபட்டால் வண்டல் ஏற்றக் கொடுத்த நடைச்சீட்டு காப்பாற்றாது. நல்ல வண்டலை நனைத்து உருட்டினால் உருண்டை நிற்கும், விரலில் நரநரக்காது. கட்டியை உடைத்துப் பாருங்கள்: உள்ளே கறுப்பாய்ப் பட்டாணி அளவில் கோரைக் கிழங்கு இருந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். ஒரு நடை மண்ணில் வந்த கோரை பல வருஷம் களையெடுக்க வைக்கும். சீமைக்கருவேலம் அடர்ந்த மூலையும் வேண்டாம்.

கொட்டியதும் உழாதீர்கள். குவியலைப் பரப்பி ஒரு மழை வாங்கவிட்டால் கட்டி தானே உதிரும். பிறகு ரொட்டவேட்டர் போதும்.

விடுபட்ட அந்தச் சர்வே எண்ணைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கியாயிற்று. உங்கள் ஏரியும் விடுபட்டிருந்தால் மார்ச் 22 கிராம சபையை விட்டுவிடாதீர்கள். தண்ணீர் தினத்துக்கான சபை அது, ஏரி காயவும் அப்போது கொஞ்ச நாள் மிச்சம் இருக்கும்.