சமூகவியல் படிக்கக் கல்விக்கடன்: போட்ட கணக்கும் பட்ட பாடும்

தம்பி சமூகவியல் எம்.ஏ. சேர்ந்துவிட்டான். கல்விக்கடனின் முதல் தவணை போன வாரம் பல்கலைக்கழகக் கணக்குக்கே போய்ச் சேர்ந்தது. ஆனாலும் வங்கியில் கேட்ட பேச்சு எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த ஆண்டு அலையப் போகிறவர்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அவனுக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருந்தது. தனியார் பல்கலைக்கழகத்தில் விடுதியோடு இரண்டு ஆண்டுக்கு ஆறரை லட்சம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் கட்டணம், விடுதி, சாப்பாடு, மடிக்கணினி எல்லாம் சேர்த்தே 2.4 லட்சம். தனியார் நிறுவனத்தின் நூலகத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவன் மனம் அங்கேயே இருந்தது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.

எங்களுக்குச் சொன்ன வட்டி 10.5 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். அதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம்; பணம் கைமாறிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. ஆறரை லட்சத்தை அரையாண்டுக்கு ஒன்றாக நான்கு தவணையில் வாங்கினால், திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 8 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 10,850 ரூபாய். 2.4 லட்சத்துக்கு அதே கணக்கில் மாதம் 4,000.

வரவு என்ன? தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 25,000. மே மாதம் சம்பளம் கிடையாது. அதற்கும் எம்.ஏ. மட்டும் போதாது; நெட், செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் ஒன்றில் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்குப் போன அவனுடைய சீனியர்கள் 20,000 ரூபாயை ஒட்டித்தான் தொடங்கியிருந்தார்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 வரும். ஆனால் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத பணத்தை நம்பிக் கையெழுத்துப் போட நான் சம்மதிக்கவில்லை. 20,000 சம்பளத்தில் 10,850 தவணை போனால் சென்னையில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன மிஞ்சும்? தம்பியே தாளை மடித்து வைத்துவிட்டு, "அக்கா, மத்தியப் பல்கலைக்கழகத்துக்கே போகிறேன்" என்றான்.

கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தது ஒரு மாலை வேலை. வினை அதன் பிறகுதான். கிளையில் இருந்த அதிகாரி கோப்பைத் திறந்ததும், "சமூகவியலா? இன்ஜினீயரிங், நர்சிங் என்றால் பரவாயில்லை. இதற்குக் கொடுத்தால் எப்படியம்மா திரும்பி வரும்?" என்றார். பக்கத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் முன்பணம் வாங்கிவிட்டு வருடக்கணக்கில் ஒரே பட்டறையில் சிக்கிக் கிடப்பதைப் பற்றி இளங்கலையில் ஆய்வு எழுதியவன் அவன். கடன் என்றால் என்ன என்று அவனுக்கு அந்த மேசையில் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

பிறகு வீட்டுப் பத்திரம் கேட்டார். 4 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைச் சொன்னதும், எங்கள் வீடு அந்தக் கிளையின் எல்லைக்குள் வரவில்லை என்றார். சேவைப் பகுதியைக் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன், மேசையில் வைத்தேன். "சரி, மறுப்பதென்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். மேலதிகாரியின் ஒப்புதலோடுதானே மறுக்க முடியும்?" என்று கேட்டேன். அவர் கோப்பை மூடிவிட்டு மேலாளர் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. எழுத்தில் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடிய முதல் யோசனை. வாய்வார்த்தையாக மறுப்பது அவர்களுக்குச் சுலபம். புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

அடுத்து ஒரு தாள் இழுத்தடித்தது. பல்கலைக்கழகம் கொடுத்த சான்றில் கல்விக் கட்டணம் மட்டுமே இருந்தது. விடுதியும் சாப்பாடும் இல்லை. அவற்றுக்கும் கடன் உண்டு, ஆனால் தலைப்புத்தாளில் ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதி, முத்திரையோடு கையெழுத்து வேண்டுமாம். அந்த ஒரு கையெழுத்துக்காகத் தம்பி இரவு ரயிலில் போனான்; பொறுப்பாளர் விடுப்பில் இருந்தார்; மறுநாள் வரை காத்திருந்து வாங்கி வந்தான். சேர்க்கைக்குப் போகும் அன்றே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்பாதான் இணைக் கடன்தாரர் என்றால் அவருடைய பழைய கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். எங்கள் அப்பா எப்போதோ அடைத்த பைக் கடன் அதில் இன்னும் பாக்கி என்றே இருந்தது. தடையில்லாச் சான்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

மானியம் பற்றி ஒன்று. படிப்புக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் சலுகை தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான், சமூகவியலுக்குக் கிடையாது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனமாக இருந்து குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 3 சதவீத வட்டி மானியம் கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான் என்பதால் இதையும் கணக்கில் சேர்க்காமல் விண்ணப்பித்திருக்கிறோம்.

கடைசியாக, படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டினால் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்க வங்கிகளுக்கு வழி இருக்கிறது. இதை யாரும் தாமாகச் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகுதான் அனுமதிக் கடிதத்தில் சேர்த்தார்கள். இப்போதைக்கு மாதம் 525 ரூபாய் வருகிறது. என் சம்பளத்திலிருந்து கட்டுகிறேன். அனுமதிக் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.